ஏரியால் எழுந்த ஊர் செங்கற்பட்டு

தாம்பரத்தை விட்டுத் தெற்கே செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், வண்டலூரும் கூடுவாஞ்சேரியும் கடந்து பொத்தேரி நிலையம் வரும். ஊரின் பெயரிலேயே ஏரி இருக்கிறது. ஆனால் இன்று அந்த நிலையத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். மண்வெட்டியோடு இறங்குகிறவரைக் காண்பது அரிது. அங்கிருந்து இன்னும் சில நிலையங்கள் தாண்டிப் பரனூர் கழிந்ததும், பாதையை ஒட்டி நீர்ப்பரப்பு கண்ணுக்கெட்டிய மட்டும் விரியும். அதுதான் கொளவாய் ஏரி. ஏரி முடியும் இடத்தில் செங்கற்பட்டு ஊர் தொடங்குகிறது.

பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் செங்கல் சூளைதான் நினைவுக்கு வரும். பெயருக்கும் செங்கல்லுக்கும் சம்பந்தமில்லை. செங்கழுநீர்ப்பட்டு என்பதே பழைய பெயர் என்பார்கள். செங்கழுநீர் என்பது குளத்திலும் ஏரியிலும் பூக்கும் நீர்ப்பூ. செங்கழுநீர்ப்பட்டு என்பது வாயில் தேய்ந்து செங்கற்பட்டு ஆயிற்று. இப்போது அரசு ஏடுகளில் செங்கல்பட்டு என்றே எழுதுகிறார்கள்.

கோட்டை, போர், துரை, கலெக்டர் என்று இந்த ஊரின் சரித்திரத்தை எழுதுவோர் உண்டு. அவை அனைத்துக்கும் அடியில் ஓடுவது தண்ணீர் வழக்கு. ஏரியை யார் காத்தார்கள், அதற்கான கூலியை யார் கொடுத்தார்கள், அந்தக் கூலி எப்போது நின்றது என்று பார்த்தால், இந்த வட்டாரத்து விவசாயி இன்று படும் பாட்டுக்குக் காரணம் விளங்கும்.

மழையைப் பிடித்து வைத்த நாடு

செங்கற்பட்டுச் சீமையில் மனிதர் வாழ்க்கை மிகப் பழையது. சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் 1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சியே அதிலிருந்து தொடங்கிற்று என்பார்கள். மதுராந்தகம் அருகே சாணூரில் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரும்புக்காலத்து ஈமக்குழிகள் தோண்டி ஆராயப்பட்டன. செங்கற்பட்டுக்குக் கிழக்கே திருக்கழுக்குன்றம் போகும் வழியில் வல்லம் என்ற ஊரில், 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது. தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்திருந்த நாளில் இந்தப் பகுதி களத்தூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது.

இங்கே வருஷம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பாலாறு பெயருக்குத்தான் ஆறு. பெரும்பகுதி நாட்கள் மணல்தான் தெரியும். மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மழையைப் பிடித்து வைக்காவிட்டால் கடலுக்குப் போகும். ஆனால் நிலத்தில் மெல்லிய சரிவு இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் மண் கரை போட்டால் போதும். மேலே ஏரி, கீழே வயல். பல்லவர் காலத்திலும் சோழர் காலத்திலும் இப்படி ஊருக்கு ஊர் ஏரி வெட்டப்பட்டது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்ததால் அதற்கு ஏரி மாவட்டம் என்றே பெயர் வழங்கியது.

இந்த ஏரிகள் தனித்தனி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேல் ஊர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழியும் நீர்தான் கீழ் ஊர் ஏரிக்கு வரத்து. அந்த ஏரி வழிந்தால் அடுத்த ஊருக்கு. இப்படிப் பத்து, இருபது ஏரிகள் மாலையில் கோத்த மணிபோல் இருக்கும். மேல் ஊர்க்காரர் கலங்கலை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் அவருக்குக் கொஞ்சம் தண்ணீர் கூடும். கீழ் ஊருக்கு ஒரு போகம் போய்விடும். வரத்துக் காலை யாராவது ஒருவர் தன் வரப்போடு சேர்த்து உழுதுவிட்டால், கரையும் மதகும் நன்றாக இருந்தும் ஏரி நிரம்பாது. ஆகையால் ஏரியைக் காப்பது ஓர் ஊர் வேலையாக மட்டும் இருந்ததில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எல்லோரும் குடவோலைத் தேர்தலுக்காகச் சொல்வார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை அவை. அந்தக் கல்வெட்டுகளில் விவசாயி கவனிக்க வேண்டியது ஏரி வாரியம் என்ற பெயர். ஏரியை மேற்பார்வை பார்க்கத் தனிக் குழு, அதற்கு உறுப்பினர், அவர்களுக்குத் தகுதி, பதவிக்காலம் என்று எல்லாம் கல்லில் பொறித்திருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் உறவினரும் வர முடியாது. இன்றைய சங்கங்கள் சிலவற்றுக்கு இந்த விதி கொஞ்சம் கசக்கும்.

கோட்டைக்கு அகழியான வயல்

செங்கற்பட்டு பெரிய ஊரானது விஜயநகர அரசர்களின் கடைசிக் காலத்தில். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்றபின் அந்த அரசு தெற்கே நகர்ந்தது. சந்திரகிரி, வேலூர், செங்கற்பட்டு ஆகிய கோட்டைகள் அப்போது முக்கியத்துவம் பெற்றன. செங்கற்பட்டுக் கோட்டை 16-ம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் கெட்டிக்காரன். ஒரு பக்கம் ஏரி. இன்னொரு பக்கம் முழங்கால் புதையும் நெல்வயல். குதிரையும் பீரங்கி வண்டியும் நடவு வயலில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. கோட்டையைப் பாதி காத்தது மதில். மீதி காத்தது ஏரிப் பாசனச் சேறு.

இதே போலத் தண்ணீரை அரணாகக் கொண்டு எழுந்த நகரம் ஒன்று கடலுக்கு அப்பால் மெக்சிகோ நாட்டிலும் உண்டு. அதன் கதையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த நாடு நமக்கு அந்நியம் இல்லை. நாம் குழம்பில் போடும் மிளகாய், தக்காளி, தோட்டத்தில் போடும் மக்காச்சோளம் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். 1960-களில் நம் நாட்டுக்கு வந்த குட்டைரகக் கோதுமையும் அங்கே உருவானதே.

மெக்சிகோ நகரின் பழைய பெயர் தெனோச்சித்லான். 1325-ம் ஆண்டளவில் தெஸ்கோகோ என்ற பெரிய ஏரியின் நடுவில் ஒரு தீவில் அஸ்டெக் மக்கள் அதை அமைத்தார்கள். அவர்களுடைய விவசாயம் விநோதமானது. ஆழம் குறைந்த நீரில் நீள நீளமாகப் பாத்தி வகுத்து, ஏரிச் சேற்றையும் தழையையும் மாற்றி மாற்றிப் போட்டு நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்துவார்கள். ஓரத்தில் மரம் நட்டு வேரால் கட்டுவார்கள். பாத்திகளுக்கு நடுவே படகு போகும் வாய்க்கால். வாய்க்கால் சேற்றை வாரி வாரிப் பாத்தியில் போடுவதால் உரம் தனியே வேண்டியதில்லை. சினாம்பா என்று பெயர். ஆண்டுக்குப் பல போகம் எடுத்து ஒரு பெருநகருக்கே சோறு போட்டது இந்தச் சாகுபடி. உப்பு நீரும் நல்ல நீரும் கலக்காதிருக்க 15-ம் நூற்றாண்டில் ஏரிக்குக் குறுக்கே நீண்ட அணைக்கரையும் கட்டியிருந்தார்கள்.

1521-ல் ஸ்பெயின்காரர் அந்த நகரைப் பிடித்தனர். கரைகள் சிதைந்தன. மலைகளில் காடு அழிந்ததால் வண்டல் இறங்கியது, ஏரி மேடானது. வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. 1629-ல் வந்த வெள்ளம் சுமார் ஐந்து ஆண்டுகள் வடியவில்லை. ஏரியே வேண்டாம் என்று 1607-லேயே மலையைக் குடைந்து நீரை வெளியே விடும் வேலை தொடங்கியிருந்தது. முந்நூறு ஆண்டு வேலை பார்த்து, 1900-ல் பெருங்கால்வாய் திறந்து, ஏரியை ஏறக்குறைய வற்றவைத்தே விட்டார்கள். இன்று சுற்றுப்புறம் சேர்த்து இரண்டு கோடிப் பேருக்கு மேல் வாழும் அந்த நகரம் நிலத்தடி நீரை உறிஞ்சிக் குடிக்கிறது. அடியில் இருப்பது பழைய ஏரிக் களிமண். நீர் வற்ற வற்ற அது அமுங்குகிறது. சில பகுதிகள் ஆண்டுக்கு ஒன்றரை அடி வரை இறங்குகின்றன. நகரின் தென்புறத்தில் ஸோச்சிமில்கோ என்ற இடத்தில் மட்டும் சினாம்பா சாகுபடி இன்னும் நடக்கிறது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 1987-ல் ஐ.நா. அமைப்பு அதை அறிவித்தது. ஊரே சோறு உண்ட வயல்கள் இப்போது சுற்றுலாப் பயணிகள் படகில் பார்க்கும் காட்சி.

செங்கற்பட்டுக்கு வந்த அந்நியர் ஏரியை வற்றடிக்கவில்லை. அவர்கள் கை வைத்தது வேறு இடத்தில்.

களத்தில் பிரிந்த பங்கு

1751-ல் பிரெஞ்சுக்காரர் செங்கற்பட்டுக் கோட்டையைப் பிடித்தனர். அடுத்த ஆண்டே ராபர்ட் கிளைவ் கோவளத்தையும் இதையும் மீட்டார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, செங்கற்பட்டைப் பிடிக்காமல் பின்னால் விட்டுச் சென்றது பெரும் தவறாயிற்று. இங்கிருந்து கிளம்பிய படைகள் முற்றுகைக்காரரைப் பின்னாலிருந்து அரித்தன. 1759 பிப்ரவரியில் லாலி திரும்பினார்.

போர்ச் செலவுக்குக் கடன்பட்ட ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, 1763-ல் இந்தச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். ஜாகீரில் என்ன விளைகிறது, யாருக்கு என்ன பங்கு என்று அறியத் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்கு இன்றும் இருக்கிறது. படிப்பவர் வியப்படையும் கணக்கு அது.

களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்தவுடன் சர்க்காரின் மேல்வாரமும் குடியானவரின் குடிவாரமும் பிரிக்கப்படவில்லை. அதற்கு முன்பே பொலியிலிருந்து பலருக்கும் மேரை எடுத்து வைக்கப்பட்டது. தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், கணக்கர், காவல்காரர், கோயில் என்று வரிசை நீளும். அதிலே ஏரிக்கும் பங்கு உண்டு. மதகு திறந்து, தண்ணீர் பாய்ச்சி, மழை நாளில் கரையைக் காவல் காக்கும் ஆளுக்குப் பங்கு உண்டு. அவரை நீர்க்கட்டி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் வேறு பெயரால் அழைப்பார்கள். இது தவிர மானிய நிலமும் இருந்தது. அறுவடை நன்றாக இருந்தால் ஏரிக்கு அதிகம், குறைந்தால் குறைவு. ஏரி நன்றாக இருந்தால்தான் அறுவடை என்பதால், பங்கு வாங்குகிறவருக்கு ஏரியின்மேல் தானாகவே அக்கறை இருந்தது. மேலேயிருந்து உத்தரவோ நிதி ஒதுக்கீடோ வரும்வரை காத்திருக்கவில்லை.

இதைச் சொல்லி அந்தக் காலம் பொற்காலம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த ஊர்களில் காணியாட்சி உரிமை மிராசுதாரர் சிலருக்கே இருந்தது. சேற்றில் இறங்கிய பண்ணையாட்களுக்கு நிலமும் இல்லை, வேறு இடம் போகும் சுதந்திரமும் இல்லை. ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களே.

1780 ஜூலையில் ஹைதர் அலியின் படை மலைக் கணவாய் இறங்கி வந்தது. செப்டம்பர் 10-ந் தேதி காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கும்பினிப் படை நொறுங்கியது. செங்கற்பட்டுக் கோட்டை தாக்குதலைத் தாங்கி நின்றது. சுற்றியிருந்த ஊர்க்காரர் பலர் அதற்குள் தஞ்சம் புகுந்தனர். வெளியே ஊர்கள் எரிந்தன. மாடுகள் போயின. மக்கள் ஓடினர். ஓர் ஏரி கெட்டுப்போக எதிரி வந்து கரையை வெட்ட வேண்டியதில்லை. நான்கு மழைக்காலம் கரையில் ஆள் நிற்காவிட்டால் போதும்.

பிளேஸ் துரையும் வேடந்தாங்கல் பறவைகளும்

1794 முதல் 1798 வரை ஜாகீர் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பாழான ஏரிகளைப் பழுது பார்த்தார். தண்ணீர் இருந்தால்தான் வரி வரும் என்பது அவருடைய கணக்கு. கடுமையான ஆள். எதிர்த்த மிராசுதாரர்களின் உரிமையைப் பறித்து வேறு குடிகளுக்குக் கொடுத்தார்; பலர் ஊரை விட்டே வெளியேறி எதிர்ப்புக் காட்டினர்.

ஆனால் மக்கள் நினைவில் நிற்பது மதுராந்தகம் கதைதான். மழை கொட்டி மதுராந்தகம் ஏரி உடையும் நிலை. கரை நின்றால் கோயிலில் தாயாருக்குச் சந்நிதி கட்டித் தருவதாகப் பிளேஸ் வாக்குக் கொடுத்தார் என்றும், அன்றிரவு வில்லேந்திய இரண்டு வாலிபர்கள் கரையில் காவல் நிற்கக் கண்டார் என்றும் ஊர் வழக்கு. கரை நின்றது. சுவாமிக்கு ஏரி காத்த ராமர் என்ற பெயரும் நின்றது. அந்த இரவில் கூடையும் மண்வெட்டியுமாகக் கொட்டும் மழையில் நின்றவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை.

மதுராந்தகத்துக்கு அருகே வேடந்தாங்கலிலும் பிளேஸ் பெயர் உண்டு. அந்த ஊர் ஏரியில் ஐப்பசிக்கு மேல் ஆயிரக்கணக்கில் நீர்ப்பறவைகள் வந்து கூடு கட்டும். சிப்பாய்கள் அவற்றைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். சுடக் கூடாது என்று 1790-களில் பிளேஸ் காலத்தில் ஊராருக்கு உறுதி கிடைத்தது. 1858-ல் அது மறுபடி உறுதி செய்யப்பட்டது. பறவைமேல் இரக்கம் மட்டும் காரணமில்லை. மரத்தின் கீழ் நீரில் விழும் எச்சம் உரம். அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு எரு குறைவாக இட்டாலே போதும் என்று வேடந்தாங்கல் விவசாயி தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார். யூரியா வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே அவர்கள் உரத்தைக் கணக்குப் போட்டு, அதற்காகக் கலெக்டரிடம் எழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். வெடி போடாத தீபாவளி வேடந்தாங்கலில் பழகிப்போன விஷயம்.

வரி போயிற்று, வேலை நின்றது

1802-ல் ஜாகீரைத் துண்டு துண்டாக மிட்டாக்களாக்கி ஏலம் விட்டார்கள். அது தோல்வியடைந்தது, பிறகு ரயத்துவாரி முறை வந்தது. சர்க்காரும் பட்டாதாரரும் நேருக்கு நேர். வரி பணமாக. இதில் களத்து மேரைக்கு இடமில்லை. தண்ணீர்க்காரர், காவல்காரர் பங்கெல்லாம் மெல்ல மெல்லக் குறைந்தன. மானியங்கள் வரிக்கு உட்பட்டன. ஏரி சர்க்காரின் சொத்து, அதைச் சர்க்காரே பழுது பார்க்க வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. சர்க்காருக்கோ அதற்குப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. கடைசியில் குடிமராமத்து என்று சொல்லி, உடைப்பு ஏற்படும்போது ஊரார் கூலியின்றி வந்து வேலை செய்ய வேண்டும் என்று 1858-ல் சட்டமே போட்டார்கள். பங்கை எடுத்துக்கொண்டு வேலையை மட்டும் கேட்டால் யார் வருவார்? சட்டம் ஏட்டில் இருந்தது. ஏரி மேடாகிக்கொண்டே வந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தபோது இந்தச் சீமை பட்ட துன்பம் சொல்லி முடியாது. பஞ்ச நிவாரண வேலையாகத்தான் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துச் சென்னையில் வெட்டப்பட்டது.

பஞ்சத்துக்குப் பின் செங்கற்பட்டிலிருந்து போன ஓர் அறிக்கை தமிழ்நாடு முழுவதையும் தொட்டது. கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891-ல், சேரி மக்களின் நிலையை ஊர் ஊராக ஆராய்ந்து எழுதினார். குடியிருக்கும் மனையும் தங்களுடையது இல்லாமல், தரிசு நிலத்துக்கு மனுப் போட்டாலும் கிடைக்காமல் அவர்கள் தவிப்பதை அவர் விவரித்தார். அதன் விளைவாக 1892-ல் அரசாணை பிறந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் தரிசு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று பெயர். முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் அந்த வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனையை மீறி எத்தனையோ ஏக்கர் கைமாறிவிட்டது. செங்கற்பட்டுக்கு அருகே காரணை என்ற ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி நடந்த போராட்டத்தையொட்டி, 1994 அக்டோபர் 10-ந் தேதி செங்கற்பட்டில் போலீஸ் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். நூறாண்டுக்கு முந்திய அரசாணைக்காக உயிர் போனது.

ரயில், நெல், மின்மோட்டார்

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் வந்தது. அரக்கோணம் பாதையும் தெற்குப் பாதையும் கூடும் சந்திப்பானது செங்கற்பட்டு. அரிசிச் சந்தையும் மண்பாண்டமும் ஊருக்குப் பெயர் தந்தன. 1901-ல் ஊர் மக்கள் தொகை 10,551. திருமணியில் 1920-களில் தொழுநோய் மருத்துவமனை, 1965-ல் மருத்துவக் கல்லூரி, அதே ஆண்டில் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் என்று ஊர் வளர்ந்தது.

நெல் விவசாயிகள் ஒன்றை அறிந்து வைத்திருக்கலாம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1952-ல் டி.கே.எம். 6 என்ற ரகம் வெளிவந்தது. ஜி.இ.பி. 24-ஐயும் கோ 18-ஐயும் ஒட்டு சேர்த்துக் கிடைத்தது. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அதற்கு இருந்தது. பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் நிலையத்தார் அதைத் தாய்தந்தையரில் ஒன்றாக வைத்து உருவாக்கியதுதான், 1969-ல் வெளியான ஐ.ஆர். 20. சம்பாவுக்கு ஐ.ஆர். 20 போட்ட விவசாயிகள் பலர் தங்கள் மாவட்டத்து நெல்தான் கடல் கடந்துபோய்த் திரும்பி வந்திருக்கிறது என்பதை அறியாமலே சாகுபடி செய்தார்கள்.

புதிய ரகத்துக்குக் குறித்த நாளில் தண்ணீர் வேண்டும். மதகு எப்போது திறக்கும் என்று காத்திருக்க முடியாது. கிணறு வெட்டி மின்மோட்டார் வைத்தவர் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் எடுத்தார். நல்லதுதான். ஆனால் சொந்தமாக மோட்டார் வைத்தவருக்கு ஏரிக் கூட்டத்துக்கு வரும் அக்கறை குறைந்தது. கிணற்றில் ஊறுவது ஏரியில் தேங்கிய தண்ணீர் என்பது கிணறு வற்றும் வரை பலருக்கும் நினைவில் இல்லை. கிணறு இல்லாத சிறு விவசாயிதான் முதலில் அடிபட்டார்.

மனைக்கல் வந்த பிறகு

1980-ம் ஆண்டையொட்டி மறைமலை நகர் புதுநகரம் எழுந்தது. 1990-களில் கார் ஆலை வந்தது. அது 2022-ல் உற்பத்தியை நிறுத்தியும் விட்டது. 2002-ல் கொளவாய் ஏரிக்குப் பக்கத்திலேயே மகிந்திரா தொழில் நகரம் வந்தது. பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் வட்டாரத்தில் வயல்கள் கல்லூரியும் விடுதியும் அடுக்குமாடியும் ஆயின. 1997-ல் பழைய மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்து செங்கற்பட்டு என்ற மாவட்டமே இல்லாமற் போயிற்று. 2019 நவம்பர் 29-ந் தேதி அது மறுபடி மாவட்டமானது.

விவசாயம் கட்டுப்படியாகாமல் நிலத்தை விற்றவரைக் குறை சொல்ல முடியாது. மகளுக்குக் கல்யாணம், மகனுக்குப் படிப்பு என்று தேவை வரும்போது, நெல்லின் விலையையும் மனையின் விலையையும் ஒப்பிட்டால் யாரும் அதைத்தான் செய்வார். சிக்கல் விற்ற நிலத்தோடு நிற்பதில்லை. ஆயக்கட்டு மனையாகும்போது பாசன வாய்க்காலும் தூர்க்கப்படுகிறது. அந்த வாய்க்கால் கீழ் ஏரிக்கு வரத்து. ஒருவர் விற்ற ஐம்பது சென்ட்டால், இரண்டு மைல் தள்ளி விற்காமல் உழுகிறவருடைய இரண்டு ஏக்கர் காய்கிறது. மழை மிஞ்சும்போது அதே தண்ணீர் வீட்டுக்குள் போகிறது. 2015 டிசம்பர் முதல் தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தபோது தண்ணீர் தன் பழைய வழியைத் தேடித்தான் போயிற்று. வழியில் வீடுகள் இருந்தன. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர வேண்டி வந்தது.

கொளவாய் ஏரி இன்னும் நிற்கிறது. நகரின் கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் அதைப் படாத பாடு படுத்தியிருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் தூர்வாரும் வேலை நடந்தது. அதன் உபரி நீஞ்சல் மடுவு வழியாகப் பாலாற்றுக்குப் போகிறது.

விவசாயிகள் கைவசம் இருக்கும் வழிகளும் சில உண்டு. நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மனுவை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் அலைவது இதனால் மிச்சமாகும். நீர்வளத் துறை ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஏரி, வாய்க்கால் புறம்போக்கு சர்வே எண்கள் கிராம 'அ' பதிவேட்டிலும் கிராம வரைபடத்திலும் இருக்கின்றன. பதிவேட்டு விவரத்தை வருவாய்த் துறை இணையதளத்திலும் பார்க்கலாம். புறம்போக்கு என்று பதிவான வாய்க்காலை மீட்பது கடினமானாலும் முடியும். பட்டா நிலத்தின் ஊடே பழக்கத்தால் மட்டும் ஓடிய கால்தான் சுலபமாக மறைகிறது. அப்படிப்பட்ட கால்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கும்போதே, வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர்களோடு ஒருமுறை நடந்து குறித்துக்கொள்வது நல்லது.

ஏரி வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று இலவசமாக எடுக்கலாம் என்று 2024-ல் விதி எளிதாக்கப்பட்டது. மெக்சிகோக்காரர் வாய்க்கால் சேற்றை வாரிப் பாத்தியில் போட்ட அதே வித்தைதான். கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனப்படும். ஏரியின் நடுப்பகுதியில், பரவலாக, மேல் வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். அடியில் மணல் தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். மண் எடுக்க ஏற்றது ஏரி காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசி. வரத்துக் கால் நடந்து பார்க்க ஏற்றது ஆவணி, புரட்டாசி. ஐப்பசி பிறந்துவிட்டால் தண்ணீரே வந்து காட்டிவிடும், எந்த இடத்தில் கால் இருந்தது என்று.